பென்ஸன் துரையின் நத்தை

நத்தை என்ற ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் வெகு காலம் ஒப்பேற்றிவிட்டோம். நெல்லில் எத்தனை ரகம், வாழையில் எத்தனை ஜாதி, மாட்டுக்கு எத்தனை சுழி என்று விரல் விட்டு எண்ணத் தெரிந்த நாஞ்சில் நாட்டார், நத்தை என்று வந்துவிட்டால் வயல் நத்தை, தோட்டத்து நத்தை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐப்பசி மழையில் கிணற்றடிச் சுவரில் ஊர்ந்தால் அது நத்தை. வரப்போரத்துச் சேற்றில் கிடந்தால் அதுவும் நத்தை. வேளிமலை அடிவாரத்துப் பாறையிடுக்கில் இருந்தாலும் நத்தைதான். இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. சமீப காலம் வரையில்.

இப்போது சில வருஷங்களாக மழை பிடித்ததும் எங்கள் பக்கத்து வாழைத் தோட்டங்களில் ஒரு பெரிய நத்தை தலைகாட்டுகிறது. உள்ளங்கை நீளத்துக்குக் கூம்பு போன்ற ஓடு. பப்பாளி, முருங்கை, சேம்பு, கீரை என்று எதையும் அது விடுவதில்லை. பகலில் குப்பைக்குள் பதுங்கிக்கொள்கிறது. இரவில் படையாகப் புறப்படுகிறது. "இது நம்ம நாட்டுச் சாதனம் இல்ல, கேட்டியளா. எங்கயோ இருந்து வந்து கேறியிருக்கு" என்று ஒரு தோட்டக்காரப் பெரியவர் என்னிடம் சொன்னார். சாஸ்திர ஞானம் ஏதும் இல்லாமல் அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்தக் கோபத்தில் அவர் கையிலிருந்த உப்பு, வந்து ஏறியதன்மேல் மட்டும் விழவில்லை. தலைமுறை தலைமுறையாக அதே தோட்டத்தில் குடியிருந்த சின்ன நத்தைகளின் மேலும் விழுந்தது. அவருக்கு எல்லாம் நத்தைதான்.

எங்கிருந்து வந்து ஏறியது என்று கேட்டுக்கொண்டு போனால், விசித்திரமான ஒரு சரித்திரம் கிடைக்கிறது. இந்தியாவில் நத்தைக்கும் நத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை மற்றெவரையும்விட நன்றாக அறிந்திருந்த ஒருவருடைய பெயர் அதில் வருகிறது. அவரைச் சந்திப்பதற்கு முன், நத்தைகளைத் தரம் பிரிக்க மனிதர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தமிழில் இந்த வேலையை முதலில் தொட்டது தொல்காப்பியம்தான். மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக்கொண்டு வரும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்துவிட்டு, அடுத்த படியில், தொடு உணர்ச்சியோடு நாவின் ருசியும் உடைய ஈரறிவு உயிர்களில் நந்தை வைக்கிறார் ஆசிரியர். நந்து என்பதில் நத்தையும் சங்கும் அடங்கும். ஓட்டின் அழகையோ அளவையோ பாராமல், அந்த ஜீவன் உலகத்தை எப்படி உணர்கிறது என்பதைப் பார்த்துப் பிரித்தது அபூர்வமான காரியம். இன்று நமக்குக் கூடுதலாகச் சில சங்கதிகள் தெரியும். தரையில் வாழும் நத்தைக்கு மோப்ப சக்தி பலமாக உண்டு. இருட்டில் தோட்டத்தின் மறுகோடியிலிருந்து பழுத்த பப்பாளியை அது தேடி வருவது மோப்பத்தினால்தான். கண்ணும் உண்டு, வெளிச்சம் எது, நிழல் எது என்று அறிகிற அளவுக்கு. காது மட்டும் கிடையாது. ஆகவே இன்னும் இரண்டு படி உயர்த்திவிடலாம்.

மேல்நாட்டில் இந்த வேலையை ஒழுங்காகத் தொடங்கியவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். 1758-ல் வெளிவந்த தம்முடைய நூலின் பத்தாம் பதிப்பில் அவர் உலகத்து ஜீவராசிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டினார். ஆனால் நத்தை விஷயத்தில் வீட்டைப் பார்த்து மனிதனை மதிக்கிற உலக வழக்கத்தை அவரும் பின்பற்றிவிட்டார். ஓடுள்ள நத்தைகளை ஒரு கூட்டத்திலும், ஓடில்லாமல் வெறும் உடம்போடு ஊர்கிற நத்தைகளை வேறொரு கூட்டத்திலும் சேர்த்தார். வீடுள்ளவனும் வீடில்லாதவனும் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. பிரான்ஸில் குவியர் என்ற அறிஞர் ஓட்டை ஒதுக்கிவிட்டு உடம்பைத் திறந்து பார்த்தார். வயிற்றையே காலாக்கி நடக்கிற இனம் என்ற பொருளில் நத்தைகளுக்கு அவர் கொடுத்த பெயரைத்தான் சாஸ்திரம் இன்றும் வைத்திருக்கிறது.

உடம்பைப் பார்த்தால் என்ன தெரிகிறது? தரை நத்தைகள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல என்று தெரிகிறது. கடலிலிருந்தும் நன்னீரிலிருந்தும் கரையேறி வந்தவை இவை. ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே வழியாக வரவில்லை. வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு யுகங்களில் தனித்தனியே கரையேறியிருக்கின்றன. அவற்றில் முக்கியமான கூட்டங்கள் இரண்டு. சாதாரண மனிதர்களாகிய நாமும் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்.

ஒரு கூட்டத்துக்குக் கதவு உண்டு. காலின் பின்புறத்தில் வட்டமாக ஒரு மூடி ஒட்டிக்கொண்டிருக்கும். நத்தை உள்ளே போகும்போது கடைசியாக அந்த மூடி வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். கொம்பு ஒரே ஒரு ஜோடி. கண் அந்தக் கொம்பின் அடியில் இருக்கும். ஆண் வேறு, பெண் வேறு. மலைக்காடுகளில் சருகுக்கடியில் இவற்றைப் பார்க்கலாம். நம் வயல் நத்தைக்கும் இதே போல மூடி உண்டு. ஆனால் அது தரை நத்தை அல்ல. செவுளும் நுரையீரலும் இரண்டும் வைத்துக்கொண்டு தண்ணீரிலும் சேற்றிலும் காலம் தள்ளுகிற இரண்டுங்கெட்டான். மூலத்துக்கு நல்லதென்று சிலர் குழம்பு வைத்துச் சாப்பிடுவது இதைத்தான்.

மற்றக் கூட்டத்துக்குக் கதவு கிடையாது. கொம்பு இரண்டு ஜோடி. நீளமான ஜோடியின் நுனியில் கண். தொட்டால் கொம்பும் கண்ணும் சேர்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். வெயில் காலம் வந்தால் கதவுக்குப் பதிலாகத் தன் உடம்பிலிருந்து ஊறும் கோழையால் ஒரு சவ்வை நெய்து வாசலில் ஒட்டிவிட்டு, மழை வரும்வரை தூங்கும். நம் வீட்டுத் தோட்டத்தில் திரிவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

இந்தக் கதவுக்கும் சவ்வுக்கும் எவ்வளவு பலம் என்று சோதித்தவர்களில் டார்வின் ஒருவர். கடலைத் தாண்டித் தீவுகளுக்கு நத்தை எப்படிப் போயிருக்கும் என்ற யோசனையில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு நத்தையைக் கடல் நீரில் போட்டு வைத்தார். 20 நாள் கழித்து எடுத்தார், அது பிழைத்துக்கொண்டது. ஒரு பிரெஞ்சுக்காரர் 100 தரை நத்தைகளைத் துளையிட்ட பெட்டியில் வைத்து இரண்டு வாரம் கடலில் அமிழ்த்தினார். 27 பிழைத்தன. அந்த நூறில் கதவுள்ள ஒரு ஜாதி நத்தைகள் 12 இருந்தன. அவற்றில் 11 பிழைத்தன. இதைவிடப் பெரிய அதிசயம் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் நடந்தது. எகிப்தியப் பாலைவனத்து நத்தை ஒன்றை வெறும் ஓடு என்று நினைத்து 1846-ல் அட்டையில் ஒட்டி வைத்தார்கள். 1850-ல் யாரோ கவனித்து வெந்நீரில் போட, அது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. நான்கு வருஷம் அன்னம் தண்ணீர் இல்லாமல் காட்சிப் பொருளாக இருந்திருக்கிறது!

ஓட்டின் சுற்று வலமா இடமா என்பதும் தரம் பிரிக்க ஓர் அடையாளம். ஓட்டின் கூர் முனை மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருப்பது வலச் சுற்று. உலகத்து நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை வலச் சுற்றே. இடச் சுற்றுள்ள நத்தைகள் சில நம் மேற்கு மலைகளில் உண்டு. இங்கே ஒரு வேடிக்கை: நாம் கோவிலில் வைத்துக் கொண்டாடுகிற வலம்புரிச் சங்கு, சாஸ்திரத்தின் கணக்கில் இடச் சுற்றுக்காரன். நாம் சங்கைப் பிடித்துப் பார்க்கிற விதம் தலைகீழ். ஆகவே வலது இடதாகிவிட்டது. எப்படிச் சொன்னாலும் அபூர்வம் அபூர்வம்தான்.

அந்த அபூர்வத்தில் கஷ்டமும் உண்டு. இங்கிலாந்தில் 2016-ல் இடச் சுற்றுள்ள ஒரு தோட்ட நத்தை கிடைத்தது. ஜெரமி என்று பெயர் வைத்தார்கள். உறுப்புகள் எல்லாம் எதிர்ப்பக்கமாக இருந்ததால் சாதாரண நத்தையோடு அதற்குச் சம்பந்தம் கூடவில்லை. பத்திரிகையில் விளம்பரம் செய்து அதே போன்ற ஜோடி தேடினார்கள். இரண்டு வந்து சேர்ந்தன. வந்த இரண்டும் முதலில் தங்களுக்குள் கூடிக்கொண்டன, ஜெரமி தனியாக நின்றது! கடைசியில் அதற்கும் ஒரு வழி பிறந்து, குஞ்சுகளும் பொரிந்தன. 2017-ல் ஜெரமி இறந்தது. குஞ்சுகள் அத்தனையும் வலச் சுற்று.

நம் தேசத்து நத்தைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் வேறு உத்தியோகம் பார்க்க வந்த ஆங்கிலேயர்கள். பாம்புகளையும் பெரணிகளையும் தேடிச் சென்னை ராஜதானியின் மலையெல்லாம் ஏறிய வன இலாகா அதிகாரி கர்னல் பெடோம், திருநெல்வேலி மலைகளிலும் திருவிதாங்கூர் மலைகளிலும் நத்தை ஓடுகளைச் சேகரித்தார். மர நத்தை இனம் ஒன்று அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. காரகோரம் மலைப் பனிப்பாறைகளை அளந்த காட்வின் ஆஸ்டின் என்ற சர்வே அதிகாரி இன்னொருவர். உலகத்தின் இரண்டாவது உயரமான சிகரத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு நடந்தது. அப்பேர்ப்பட்டவர், ஓய்வு பெற்ற பின் வாழ்நாளெல்லாம் கத்தியும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து நத்தைகளின் குடலையும் பல்லையும் படம் வரைந்துகொண்டிருந்தார். ஓட்டை மட்டும் பார்த்து ஜாதி சொல்லாதே, உள்ளே பார் என்பது அவர் கட்சி. 1882-ல் தொடங்கிய அவருடைய நத்தை நூல் பகுதி பகுதியாக 1920 வரை வெளிவந்தது.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் வில்லியம் ஹென்றி பென்ஸன். 1803-ல் டப்ளின் நகரத்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தராக வங்காளத்துக்கு வந்தவர். கச்சேரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் நத்தைதான். தாமே பொறுக்கியது போதாதென்று, தேசம் முழுவதிலுமிருந்து நண்பர்கள் அனுப்பிய ஓடுகளையும் வாங்கிப் பரிசீலித்து, நூற்றுக்கணக்கான நத்தைகளுக்கு முதல் முறையாகப் பெயரும் லட்சணமும் எழுதினார். அவர் சேர்த்த ஓடுகள் இன்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் காட்சிசாலையில் இருக்கின்றன.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் ஒரு நத்தை உண்டு. தேன் நிறத்தில் பளபளவென்று மெல்லிய ஓடு. அதற்குள்ளிருந்து வெளியே வரும் உடம்போ ஒன்றில் குங்குமச் சிவப்பு, இன்னொன்றில் மஞ்சள். இந்த மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதற்கு 1850-ல் பெயர் வைத்தவர் பென்ஸன். இன்று இந்த்ரெல்லா ஆம்புல்லா என்று அழைக்கிறார்கள். ஆம்புல்லா அவர் வைத்தது, முன்பாதி பின்னால் காட்வின் ஆஸ்டின் சேர்த்தது.

இதே பென்ஸன்தான், மொரீஷியஸ் தீவுக்குப் போயிருந்தபோது அங்கே தோட்டங்களில் மலிந்து கிடந்த ஒரு பெரிய நத்தையை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அதற்கும் அது சொந்த ஊரல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, மடகாஸ்கர் வழியாக மொரீஷியஸ் சேர்ந்தது. இருமலுக்கும் மார்ச் சளிக்கும் நத்தை ரசம் நல்லதென்று யாரோ கொண்டு வந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். மருந்து என்ற பெயரில் எது வந்தாலும் நுழைய விடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலும். கல்கத்தாவில் சௌரிங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் 1847-ல் அந்த நத்தைகள் விடப்பட்டன. ஒரு வனவிலங்கைக் கூண்டிலிருந்து திறந்து விடுகிறோம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நத்தைதானே!

பென்ஸன் எழுதி வைத்தவற்றில் இன்னொரு விஷயம் உண்டு. நம் மலைகளில் சருகுக்கிடையில் ஊசி போலக் கூரான சின்னஞ்சிறு பழுப்பு நத்தைகள் வாழ்கின்றன. ஓட்டின் உருவத்தை வைத்து, ஆப்பிரிக்கப் பெரிய நத்தையின் இனப் பெயராகிய அகாடினா என்பதையே அக்காலத்தில் இவற்றுக்கும் கொடுத்திருந்தார்கள். பென்ஸனும் அப்படியே எழுதினார். பிற்காலத்தவர் அவற்றைப் பிரித்து வேறு பெயர் கொடுத்தனர். காகிதத்தில் நடந்த இந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு முக்கியமானது என்பது இப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

கல்கத்தாவில் இறங்கிய நத்தை அவசரப்படவில்லை. நத்தைக்கு என்ன அவசரம்? அது தன் காலால் நடந்த தூரம் சொற்பம். மனிதன் கொண்டு போன தூரம்தான் அதிகம். தேயிலைத் தோட்டக்காரர் ஆலிவர் காலெட், இவரும் நத்தை அபிமானிதான், 1900-ல் இலங்கையில் வட்டவளைப் பக்கம் இதை விட்டார். பத்து வருஷத்துக்குள் இலங்கை சர்க்காரின் பூச்சி நிபுணர் இதைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. பிறகு மலேயா, சிங்கப்பூர். 1936-ல் ஹவாய்த் தீவுகள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியப் படைகள் போன இடமெல்லாம் சாப்பாட்டுக்கென்று இதுவும் போயிற்று. படை திரும்பிவிட்டது, நத்தை தங்கிவிட்டது. 1961-ல் ஆல்பர்ட் மீட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த ஒரு நத்தையின் திக்விஜயத்தைப் பற்றியே ஒரு முழுப் புஸ்தகம் எழுதினார்.

கணக்குக்கு ஓர் உதாரணம். 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகரத்துக்குக் கொண்டு வந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டாள். ஏழு வருஷத்தில் அந்தச் சுற்று வட்டாரத்தில் 18,000-க்கு மேற்பட்ட நத்தைகள் இருந்தன. பத்து லட்சம் டாலர் செலவழித்து 1975-ல் ஒழித்தார்கள். 2011-ல் மீண்டும் வந்தது. மோப்ப நாய்களைக்கூடப் பழக்கித் தேடி, 2021-ல் ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷமே அதே மாகாணத்தில் வேறு இடத்தில் தலைகாட்டிற்று. ஒவ்வொரு நத்தையும் முட்டை இடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு, சில சமயம் அதற்கு மேலும் இடும். ஒரு முறை கூடிவிட்டால் அதை வைத்தே பல தடவை இடும். ஐந்தாறு வருஷம் உயிர் வாழும். இந்த நாலையும் பெருக்கிப் பார்த்தால் பாட்டியின் தோட்டக் கணக்கு விளங்கும்.

அதை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். நத்தையைத் தின்கிற நத்தை ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உண்டு. ஓநாய் நத்தை என்பார்கள். அதை 1955-ல் ஹவாயிலும், 1970-களில் தாஹிட்டி, மூரியா தீவுகளிலும் கொண்டு போய் விட்டார்கள், ஆப்பிரிக்க நத்தையைத் தின்று தீர்க்கட்டும் என்று. ஓநாய் நத்தைக்கு எது வந்தேறி, எது மண்ணின் மைந்தன் என்ற பேதம் இல்லை. தின்னச் சுலபமாக இருந்த உள்ளூர்ச் சிறு நத்தைகளைத் தின்றது. அந்தத் தீவுகளில் மட்டுமே இருந்த அழகிய மர நத்தை ஜாதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பார்ட்டுலா துர்கிடா என்ற ஒரு ஜாதியின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்தது. ஹவாயின் ஒரு மர நத்தை ஜாதியில் கடைசியாக மிஞ்சிய ஜார்ஜ் என்ற நத்தை, 2019 ஜனவரி 1-ஆம் தேதி செத்தது. ஆப்பிரிக்க நத்தை இன்றும் சௌக்கியமாக இருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கேரளத்தில் 1970 வாக்கில் பாலக்காட்டுப் பக்கம் இது பதிவாயிற்று. மலையாளத்தில் ஒச்சு என்பார்கள். இது ஆப்பிரிக்கன் ஒச்சு. மரத்தடிகளோடும் நாற்றுகளோடும் லாரி மண்ணோடும் ஊர் ஊராகப் போயிற்று. 2018-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு தொல்லை இன்னும் அதிகமாயிற்று. குமரி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் இடையே மலையும் மழையும் ரப்பரும் வாழையும் பொதுச் சொத்து. எல்லைக் கோடு 1956-ல் காகிதத்தில் போட்டது. நத்தைக்கு அது தெரியாது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள நாடு இது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் இரண்டு தடவை விருந்து வைக்கிற ஊரை எந்த நத்தைதான் விட்டுவிட்டுப் போகும்? ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும் என்பதற்காக வெள்ளையடித்த சுவரைக்கூட அரம் போன்ற நாக்கால் சுரண்டுகிறது.

பயிர் நாசத்தைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நுண்ணிய புழு, எலியின் கழிவு வழியாக நத்தையின் உடம்பில் ஏறி வளர்கிறது. 1935-ல் காண்டன் நகரத்து எலிகளில் கண்டுபிடித்து எழுதப்பட்ட புழு இது. சரியாக வேகாத நத்தையாலும், நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்பதாலும் அது மனிதனுக்கு வந்துவிட்டால் மூளையைச் சுற்றிய உறையில் அழற்சி உண்டாகும். கேரளத்தில் குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகள் நத்தையை வெறுங்கையால் எடுத்து விளையாட விடக்கூடாது. கீரையைப் பல தண்ணீரில் அலச வேண்டும். நத்தை பிடிக்கிறவர்கள் கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

பிடிப்பது எப்படி? சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ போட்டு வைத்தால், விடிவதற்குள் கூட்டம் கூடியிருக்கும். பொறுக்கி வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போட்டு, பிறகு குழியில் புதைத்துவிடலாம். புகையிலைக் கஷாயத்தில் துரிசு கலந்து தெளிப்பதும் கேரளத்தில் கைகண்ட முறை. தோட்டம் முழுக்க உப்பைத் தூவுவது மட்டும் வேண்டாம். நத்தை போகும், மண்ணும் போகும்.

ஆனால் எதைப் பிடிப்பது என்று தெரிந்து பிடிக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டும் சுமார் 270 வகைத் தரை நத்தைகள் உண்டு. அவற்றில் முக்கால்வாசி வேறெங்கும் இல்லாதவை. காட்டில் உதிர்ந்த இலையைத் தின்று மண்ணாக்குபவை இவை. இவற்றின் ஓட்டுச் சுண்ணாம்பு பறவைகளுக்கு ஆகாரமாகி முட்டையோடாகிறது. ஓடு தட்டையாகச் சுருண்டு, ஒரு ரூபாய் நாணய அளவில், மேலே கருங்கோடு ஓடியிருந்தால் அது நம் பழைய தோட்டத்து நத்தை. அதுவும் கீரையைக் கடிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லையோடு கடிக்கும். மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கும் குறைவாகக் கூம்பாகவும் புள்ளியும் கோடுமாகவும் இருந்தால் மர நத்தை. மலையோரத் தோட்டத்துச் சருகில் ஊசி போல் பளபளத்தால், ஒரு காலத்தில் அகாடினா என்று பெயர் சுமந்த அந்த அப்பாவி. வாசலில் வட்ட மூடி இருந்தால் நிச்சயம் இது ஆப்பிரிக்க நத்தை அல்ல. ஓடு நீண்ட கூம்பாக, பழுப்பில் நெடுக்குத் தீற்றல்களோடு, இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல், மூடியில்லாமல் இருந்தால்தான் அது பென்ஸன் துரையின் நத்தை. மண்ணுக்குள் மிளகைவிடச் சற்றே பெரிதாக, மஞ்சள் கலந்த வெள்ளையில் முட்டைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தால், பெரும்பாலும் அதனுடையவை. தோண்டி எடுத்துவிட வேண்டும்.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்ட எனக்கே இவ்வளவு பிடிபடுகிறது என்றால், நம் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமாகப் பிடிபடும். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு லின்னேயஸின் பெயரைச் சொல்லித் தருகிறார்கள். கிணற்றடியில் ஊர்கிற நத்தையின் பெயரைச் சொல்லித் தருவதில்லை. நமக்கே அது தெரியாதே, எப்படிச் சொல்லித் தருவது? மர நத்தைக்கும் ஊசி நத்தைக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்திருந்தால், அந்தத் தோட்டக்காரப் பெரியவர் உப்பை அள்ளுவதற்கு முன் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருப்பார். பெயர் தெரிந்த உயிரைக் கொல்ல அத்தனை சுலபமாகக் கை வராது.

பென்ஸனுக்குப் பெயர்கள் எல்லாம் தெரிந்திருந்தன. கொண்டு வந்த நத்தைக்கு இங்கே எல்லை எது என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. நமக்கு அந்த எல்லை இன்று தெரிந்துவிட்டது, பெயர்கள்தான் பாக்கி. இந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு ராத்திரி, பேரனோ பேத்தியோ டார்ச் விளக்கைப் பிடிக்க, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எத்தனை வகை என்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு வாளியை எடுங்கள்.